யன்னலோரக் கட்டில்

உ
மோர்டன், லண்டன்
8.9.1991

அன்புள்ள தங்கச்சி வசந்தமலருக்கு,

பிள்ளையாரின் தயவில் இந்த வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் நோவு எப்படி? குளிர் தொடங்க முன்னரே நல்லெண்ணெய் பூசத் தொடங்கு. உன் பிள்ளைகள், என் பெறாமக்கள் இருவரையும் நான் விசாரித்ததாகச் சொல்.

ஒரு புதினம். அண்ணை கரவன் வாங்கிவிட்டார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு. உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஐந்து கட்டில், ஒரு குட்டி அலமாரி எல்லாம் இருக்கின்றன. இரண்டு நாளாகக் கழுவித் துடைத்து அலமாரிக்குள் ஒரு பிள்ளையார் படமும் வைத்தேன். ஐப்பசியில் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை விடுமுறை. அப்போது ஸ்கொட்லாந்துக்குப் போய் இலைகள் நிறம் மாறுவதைப் பார்ப்பதாகத் திட்டம். அண்ணையின் சிநேகிதர் சபாரத்தினத்தார் குடும்பமும் தங்கள் காரில் வருகிறார்கள். அவர்கள் அங்கே அறை எடுப்பார்களாம்.

இந்தக் கதை நடக்கும்போது நான் வழமைபோலப் பரிமாறிக்கொண்டு நின்றேன். அண்ணை நிமிர்ந்து பார்த்து, "கமலம், நீயும் வெளிக்கிடு. அஞ்சாவது கட்டில் உனக்குத்தான்" என்றார். நான் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன். அவர் கேட்கவில்லை, ஆனாலும் விட்டேன்.

என்னுடையவர் ஷெல் பட்டுப் போய் ஆறு வருஷம். நான் அண்ணையிடம் வந்து மூன்று வருஷம். சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் குறை இல்லை, வீட்டுக் கணக்குக் கொப்பியைக்கூட என் கையில்தான் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சந்தோஷத்துக்குப் போகும்போது "நீயும் வா" என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. உனக்குத் தெரியும்தானே, அண்ணையோ பிள்ளைகளோ நல்ல காரியத்துக்கு வெளிக்கிடும்போது நான் மேல்மாடிக் குளியலறைக்குள் போய்விடுவேன். ஒருவரும் சொல்வதில்லை. கைம்பெண் எதிர்ப்பட்டதால் முழுவியளம் பிழைத்தது, சகுனம் கெட்டுப் போன காரியமும் கெட்டது என்று பிறகு ஒரு சொல் வந்துவிடக் கூடாது, அதுதான்.

நீ போன வருஷம் அனுப்பிய படத்தை, மரம் முழுக்க நெருப்புப் பிடித்ததுபோல் நிற்கிற படத்தை, என் அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டியிருக்கிறேன். இந்த முறை நானே பார்க்கப் போகிறேன். ஐந்தாவது கட்டிலில் படுத்தும் பார்த்தேன். யன்னலோரம்.

உனக்காகவும் விளக்கேற்றும் அக்கா,
கமலாம்பிகை

—

ஸ்காபரோ, ரொறன்ரோ
27.9.1991

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முழங்கால் படி ஏறும்போது மட்டும் முறைக்கிறது. நீங்கள் மூச்சு முட்டுக்கு மருந்து எடுக்கிறீர்களா, அல்லது விரதம் என்று அதையும் நிறுத்திவிட்டீர்களா?

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சின்னவள், "பெரியம்மா கரவனிலையோ? அதுக்குள்ளையும் சாமி அறை வைச்சிட்டாவோ?" என்று கேட்டாள். "அலமாரிக்குள்ளை வைச்சிட்டா" என்றேன். வீடு முழுக்கச் சிரிப்பு.

இங்கே இப்போதுதான் நுனிகளில் நிறம் பிடிக்கிறது. ஒரு கிளை பச்சை, பக்கத்துக் கிளை பழுத்த மாம்பழம். இலை விழுகிற சத்தத்தைக் கேட்க வேண்டுமென்றால் பேசாமல் நிற்க வேண்டும். உங்களுக்கு அது நன்றாக வரும்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். கரவனுக்குள் அடுப்பு இருக்கிறது என்பதற்காக ஒரு கிழமையும் அதற்கு முன்னால் நிற்காதீர்கள். வெளியே இறங்குங்கள். படம் எடுக்கும்போது "நீங்கள் நில்லுங்கோ, நான் பையைப் பிடிக்கிறன்" என்று விலகாதீர்கள். எனக்கு உங்கள் படம் வேண்டும், மரத்தோடு. வெளிக்கிடுகிற அன்று மேலே ஓடி ஒளியவும் வேண்டாம். போகிற ஆளே நீங்கள். உங்களுக்கு நீங்களே எப்படி எதிர்ப்படுவீர்கள்?

முத்தங்களுடன்,
வசந்தமலர்

—

உ
மோர்டன்
14.10.1991

அன்புள்ள வசந்தாவுக்கு,

நவராத்திரி நடக்கிறது, உடம்பு சொன்னபடி கேட்கிறது. மருந்தை நிறுத்தவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க விம்பிள்டன் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

வருகிற சனி விடியப் பயணம். ஒன்பது பேருக்குச் சமையல். புளிச்சாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல், சம்பல், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு. பயற்றம் பணியாரமும் தட்டை வடையும் இன்றே சுட்டு முடிந்துவிட்டன. வழியில் கடைச் சாப்பாடு வாங்குவதில்லை என்று நானே சொல்லிவிட்டேன். மண்ணிறக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினேன். எனக்கு அது கொஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது.

நேற்று மச்சாள் சிவகௌரி என் பின்னால் வந்து நின்றா.

"மச்சாள், நான் சொல்லுறதைப் பிழையா எடுக்காதேங்கோ. கரவன் புதிசு. என்ரை மனிசன் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போறார். முழுவியளம் சரியா அமைஞ்சாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்."

"நான் மேலை போய் நிக்கிறன் மச்சாள். எல்லாரும் காரிலை ஏறினாப்பிறகு கூப்பிடுங்கோ."

"அப்ப நடுவிலை இறங்கி வருவியளே, அதுவும் எதிர்ப்படுறதுதானே. ஒண்டு செய்யுங்கோ. கொஞ்சம் முந்திப் பின்கதவாலை போய் பஸ் தரிப்பிலை நில்லுங்கோ. வாற வழியிலை ஏத்திறம்."

"எந்தக் காரிலை?"

"எதெண்டால் என்ன? முன்னுக்கு வாறதிலை ஏறுங்கோ. சாப்பாட்டுக் கூடையையும் கொண்டுபோங்கோ, நீங்கள் மடியிலை வைச்சிருந்தால் குழம்பு சிந்தாது."

ஓடும்போது கரவனுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டமாம். அதனால்தான் கார்க் கதை. இரண்டு காரிலும் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. நீ கோபிப்பாய் என்று தெரியும். கோபிக்காதே. தரிப்பு தெருமுனையில்தான். அங்கிருந்து ஸ்கொட்லாந்து வரைக்கும் நான் எல்லோரோடும்தானே இருக்கப்போகிறேன்.

என் பையை வெள்ளிக்கிழமையே கரவனில் வைத்துவிடுவேன்.

இலையோடு எழுதுகிறேன்.
அக்கா

—

உ
மோர்டன்
2.11.1991

அன்புள்ள வசந்தாவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் முருகன் பார்த்துக்கொள்வான். அடுத்த கிழமை கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது.

நீ எழுதிய நிறத்தைக் கண்டேன். ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற மரம். பெயர் தெரியவில்லை. உச்சியில் கருஞ்சிவப்பு, நடுவில் ஆலாத்தித் தண்ணீரின் நிறம், கீழ்க் கிளைகளில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். விடியும்போது அது வெறும் இருட்டு. வெளிச்சம் வர வர ஒவ்வொரு கிளையாகப் பற்றிக்கொண்டது. மத்தியான வெயில் பட்டபோது பார்க்கக் கண் கூசியது. நீ சொன்னது சரி, பேசாமல் நின்றால் இலை விழுகிற சத்தம் கேட்கிறது. ஒன்று காற்றில் வந்து என் தலையில் விழுந்தது. குங்குமச் சிவப்பு. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன்.

குளிராகத்தான் இருந்தது. மண்ணிறச் சட்டை பையில் இருந்தது.

வேறு விசேஷம் இல்லை.
அக்கா

—

ஸ்காபரோ
20.11.1991

அன்பான அக்காவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. தடிமனைத் தவிர வேறு வருத்தம் ஒருவருக்கும் இல்லை. சஷ்டி விரதத்தில் ஆறு நாளும் பாலும் பழமும்தானா? அதற்குப் பிறகாவது நன்றாகச் சாப்பிடுங்கள்.

இலை உடையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் அக்கா, கடிதம் எனக்குப் பத்தவில்லை. ஒரு கிழமை போனீர்கள். ஸ்கொட்லாந்தில் ஒரு மரம்தானா? கரவனில் நித்திரை வந்ததா? பிள்ளைகள் சண்டை பிடித்தார்களா? அண்ணை வழி மாறிப் போய்க் கத்தினாரா? கறிக்கு உப்புப் போட்டீர்களா என்றால்கூடக் கணக்கோடு எழுதுகிற நீங்கள், ஒருவர் பெயரையும் எழுதவில்லை. சட்டை பையில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு வாங்கின சட்டை ஏன் பையில் இருந்தது?

போனில் கேட்கலாம். கேட்டால் மச்சாள் பக்கத்தில் நிற்பா. நீங்கள் "ஓம், ஓம்" என்பீர்கள். ஆகையால் எழுதுங்கள். படமும் அனுப்புங்கள்.

வசந்தா

—

மோர்டன்
1.12.1991

அன்பு மச்சாள் வசந்தமலருக்கு,

இங்கே யாவரும் நலம். உமது முழங்காலுக்கு இங்கே ஒரு களிம்பு விற்கிறது, ஆரும் வந்தால் தந்துவிடுகிறேன். நத்தார் விடுமுறைக்கு நீங்கள் எங்கும் போகிற எண்ணமா?

படம் கேட்டீராம். கமலம் மச்சாளிடம் படம் இல்லை, நான் அனுப்புகிறேன். மரங்களைப் பாரும், சேலைக் கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. உமது அண்ணை ஏரிக்கரையில் தொப்பியோடு நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதேயும்.

கமலம் மச்சாள் வராதது எங்களுக்கும் கவலைதான். அது ஒரு பகிடிக் கதை. அவவைப் பஸ் தரிப்பில் ஏற்றுவதாக ஒழுங்கு. சபாரத்தினத்தாரின் மனைவி செம்பிலே தண்ணீரோடு எதிரே வந்தா. அப்படி ஓர் அருமையான முழுவியளம்! அந்தச் சந்தோஷத்தில் வெளிக்கிட்டோம். நாங்கள் அவர்களின் காரில் மச்சாள் ஏறிவிட்டா என்று நினைத்தோம், அவர்கள் எங்கள் காரில் என்று நினைத்தார்கள். பேர்மிங்காம் தாண்டிச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற ஒரு சேர்விசில் நிற்பாட்டினோம். எல்லோருக்கும் பசி. "சாப்பாட்டுக் கூடை எங்கை?" என்றார் உமது அண்ணை. இரண்டு காரையும் கிண்டினோம். கூடை இல்லை. அப்போதுதான் மச்சாளும் இல்லையென்று தெரிந்தது. சிரித்த சிரிப்பில் சபாரத்தினத்தாருக்குக் கண்ணால் தண்ணீர். கடைசியில் சிப்ஸ்தான் சாப்பிட்டோம்.

கரவனை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் திரும்பி வர ஏலுமா, நீரே சொல்லும். வீட்டுக்குப் போன் எடுத்தோம், அவ எடுக்கவில்லை. பின்னேரமும் எடுத்துப் பார்த்தோம். கோபமாக்கும், ஆறட்டும் என்று விட்டுவிட்டோம். அவவுக்கும் ஒரு கிழமை ஓய்வுதானே. அவவின் பை மட்டும் யன்னலோரக் கட்டிலில் ஸ்கொட்லாந்து பார்த்து வந்தது. அங்கே ஒரே மழை, எங்கள் மழைக்கோட்டுகளை அதன்மேல் போட்டுத்தான் காயவைத்தோம்.

வந்த பிறகு அவ ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்ல மனம்.

அன்புடன்,
சிவகௌரி

—

ஸ்காபரோ
15.12.1991

அக்கா,

சுகம் விசாரித்து எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதினாலும் இனி நான் நம்பப்போவதில்லை.

மச்சாளின் கடிதமும் படங்களும் வந்தன. இருபத்துநாலு படம். ஒன்றிலும் நீங்கள் இல்லை. ஒன்றில் உங்கள் பை இருக்கிறது.

கூடையைத் தேடியிருக்கிறார்கள் அக்கா. உங்களை அல்ல. அதை அவ பகிடி என்று எழுதியிருக்கிறா, அந்தக் கடிதத்தையும் இத்துடன் வைக்கிறேன். நான் அதை என்னுடையவருக்கு வாசித்துக் காட்டப் போய் நடுவில் நிறுத்திவிட்டேன். இலையை அல்பத்தில் "அக்கா, ஸ்கொட்லாந்து" என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதை என்ன செய்ய?

வீட்டில் இருந்திருந்தால் போன் எடுத்திருப்பீர்கள். கோபத்தில் போன் எடுக்காத ஆள் நீங்கள் இல்லை என்று கூடப்பிறந்த எனக்குத் தெரியும், அண்ணைக்குத் தெரியாதா? அந்த ஒரு கிழமை எங்கே இருந்தீர்கள்? பொய் எழுதக் கூடாது என்பதற்காகத்தானே அந்த ஒரு மரத்தை மட்டும் எழுதினீர்கள். மிச்சத்தை எழுதுங்கள்.

வசந்தா

—

உ
மோர்டன் (மேலே புது விலாசம்)
20.2.1992

அன்புள்ள வசந்தாவுக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்குக் கோபிக்காதே. நான் சுகம். இம்முறை நம்பு. உன் சுகத்தையும் மாப்பிள்ளை பிள்ளைகளின் சுகத்தையும் எழுது.

அன்று விடிய நான் பின்கதவால் வந்து கதவை இழுத்துவிட்டேன். அது தானாகப் பூட்டுகிற கதவு. என் திறப்பு பைக்குள், பை கரவனுக்குள். கூடையோடு தரிப்பில் நின்றேன். அண்ணையின் கார் வந்தது. கை காட்டினேன். அவர் என்னைக் கண்டார். பின்னால் பஸ் ஒன்று நெருக்கிக்கொண்டு வந்ததால், நீளக் கரவனோடு தரிப்பில் நிற்பாட்ட முடியவில்லை. பின்னால் வருகிற காரில் ஏறு என்று கையைப் பின்னுக்குக் காட்டிவிட்டுப் போனார். மச்சாள் பிள்ளைகளுக்குப் போர்வை சரிசெய்துகொண்டிருந்தா. சபாரத்தினத்தார் பெற்றோல் அடிக்க மற்றத் தெருவால் போயிருக்கிறார். அது எனக்கு எப்படித் தெரியும்? வரும் என்று நின்றேன்.

கறுப்புப் பாவாடையோடு ஒரு அம்மா வேலைக்குப் போக வந்தா. நம்முடைய ஆள். "ஆரைப் பாக்கிறீர் பிள்ளை?" என்றா. "பின்னாலை கார் வரும்" என்றேன். அவ பஸ் ஏறிப் போனா. வேலை முடித்து அதே இடத்தில் எதிர்ப்பக்கம் இறங்கினா. நான் நின்றேன். தெருவைக் கடந்து வந்து என்னையும் கூடையையும் பார்த்தா.

"பின்னாலை வாற கார் மன்னாரிலையிருந்தோ வருகுது?"

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அது வரைக்கும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர் வீட்டு மரம். அதைத்தான் உனக்கு எழுதினேன்.

"கூடையிலை என்ன?"

"ஒன்பது பேருக்குச் சோறு."

"அப்ப வாரும். ரெண்டு பேர் தொடங்குவம்."

பிலோமினம்மா. மன்னார் ஆள், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி, மனிசன் செத்துப் பதினொரு வருஷம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அந்தக் கிழமை முழுக்க அவவின் மேல் அறையில் இருந்தேன். மிச்சச் சோற்றை அவவோடு வேலை செய்கிற பெண்கள் சாப்பிட்டார்கள். ஒரு கறுப்புப் பெண் பயற்றம் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்குள் என்ன என்று என்னை ஐந்து தரம் கேட்டாள். நான் ஒரு நாள் பிலோமினம்மாவிடம் சொன்னேன்: "நீங்களும் நானும் ஆரும் வெளிக்கிடேக்கை முன்னாலை நிக்கக் கூடாத ஆக்கள்." அவ சிரித்தா. "நானோ? என்ரை முகத்தைப் பாத்துத்தான் அந்தப் பஸ்காரன் ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுறான். இண்டைவரைக்கும் பஸ் கவிழேல்லை."

அவர்கள் திரும்பி வந்த அன்று வீட்டுக்குப் போனேன். "எங்கை மச்சாள் போனீங்கள், போனும் எடுக்கேல்லை" என்றா சிவகௌரி. அண்ணை பிஸ்கற் டின் ஒன்றைத் தந்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். என் பையைத் திறந்தேன். மடித்தது மடித்தபடி. மேல் சேலை மட்டும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவர் கையைக் காட்டிவிட்டுப் போனது பெரிதில்லை வசந்தா. பேர்மிங்காமில் அவருக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். கண்டவர் அவர் ஒருவர்தான். சிரித்தவர்களோடு அவரும் சிப்ஸ் சாப்பிட்டிருக்கிறார்.

கார்த்திகை, மார்கழி இருந்து பார்த்தேன். தை மாதம் அண்ணைக்கு மனேஜர் வேலைக்கு நேர்முகம் வந்தது. வெளிக்கிடுகிற நேரம் நான் வழமைபோல மேலே போனேன். குளியலறைக் கதவைச் சாத்தக் கை வைத்தேன், கை சாத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கணக்குக் கொப்பியை மேசையில் வைத்தேன். அண்ணை ரை கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயோ மச்சாள், ஒரு அஞ்சு நிமிஷம் பொறுங்கோ!" என்று சிவகௌரி குசினிக்குள்ளிருந்து கத்தினா. நான் முன்கதவைத் திறந்து அவருக்கு முன்னால் இறங்கிப் போனேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

இப்போது பிலோமினம்மாவின் மேல் அறை எனக்கு. அவவோடு வேலைக்கும் போகிறேன். விடிய அதே தரிப்பில்தான் பஸ் ஏறுகிறோம்.

அக்கா

—

ஸ்காபரோ
22.3.1992

அன்பான அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். குளிரில் வேலைக்குப் போகிறீர்கள், கால்களுக்குச் சொக்ஸ் இரண்டு போடுங்கள். உங்கள் மூச்சு முட்டு?

கடிதத்தை என்னுடையவரிடமும் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "அக்காவை இஞ்சை கூப்பிடு" என்றார். வாருங்கள் அக்கா. வீசாவுக்கு வேண்டிய கடிதம் நாங்கள் தருவோம். உங்களுக்கு நான் இலை காட்டுகிறேன், உண்மையான காடு.

மூத்தவள் பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியச் சடங்கு ஆவணியில், மண்டபம் எடுத்துச் செய்கிறோம். முந்நூறு பேர் வருகிறார்கள், மாமியாரும் வருகிறா, ஒரே அமளியாக இருக்கும். ஆகையால் அது எல்லாம் முடிய ஐப்பசியில் வாருங்கள். அப்போதுதான் ஆறுதலாக இருக்கலாம், நிறமும் அப்போதுதான்.

ஆசையோடு,
வசந்தா

—

உ
மோர்டன்
30.4.1992

அன்புள்ள வசந்தாவுக்கு,

நான் சுகம், மூச்சும் சுகம். உன் வீட்டுச் சந்தோஷம் கேட்டு மனம் நிறைந்தது. மூத்தவள் என் கையில் தவழ்ந்தவள். அவளுக்கு ஒரு சிறு சங்கிலி செய்து ஈஸ்ட் ஹாம் முருகன் காலடியில் வைத்து எடுத்தேன். வருகிற ஆளிடம் தந்துவிடுகிறேன். நான் தந்தது என்று சடங்கு முடிந்த பிறகு சொன்னால் போதும்.

ஐப்பசியில் எனக்கு லீவு இல்லை.

அக்கா

—

மோர்டன்
2.10.1992

அன்புள்ள தங்கச்சி கமலத்துக்கு,

நீ தேக சுகத்துடன் இருப்பாய் என நம்புகிறேன். எனக்குப் பிரஷர். கௌரிக்கு நித்திரை இல்லை. பிள்ளைகள் பரவாயில்லை.

அந்த மனேஜர் வேலை கிடைக்கவில்லை என்று உனக்குத் தெரியும். ஏற்கனவே இருந்த வேலையும் ஆடியில் போய்விட்டது. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. வீடு வீடாக இல்லை. உன் கணக்குக் கொப்பி அப்படியே மேசையில் கிடக்கிறது, பெருஞ்சீரகப் போத்தல் எங்கே இருக்கிறது என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கையைக் காட்டினேன்தானே. மோட்டர்வேயில் கரவனோடு திரும்புவது நீ நினைப்பதுபோல் இல்லை.

கரவனை விற்கப்போகிறேன். விற்க முன்னர் இருபத்துநாலாம் திகதி சனி விடிய வேல்சுக்கு இலை பார்க்கப் போகிறோம். திங்கள் கார்டிஃபில் எனக்கு ஒரு நேர்முகமும் இருக்கிறது. கௌரி ஈஸ்ட் ஹாமில் ஒரு சாத்திரியாரிடம் கேட்டாள். கூடப்பிறந்தவள் ஒருத்தி மனம் நொந்திருக்கிறாள், அவள் முகத்தில் விழித்து வெளிக்கிட்டால் தோஷம் விலகும் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே அன்று விடிய நீ வந்து வாசலில் எங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். கௌரிக்கும் பூரண சம்மதம். பிறகு எங்களோடேயே வா. அந்த யன்னலோரக் கட்டில் உனக்குத்தான்.

உன் அண்ணன்,
யோகராஜா

—

உ
மோர்டன்
12.10.1992

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பிரஷரும் மச்சாளின் நித்திரையும் சீராக வேண்டுமென்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். உப்பைக் குறையுங்கோ. பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் மல்லித் தண்ணீர் கொடுக்கவும். பெருஞ்சீரகம் அடுப்புக்கு மேலே, இரண்டாவது தட்டில், தேயிலைப் பெட்டிக்குப் பின்னால்.

கார்டிஃப் வேலை உங்களுக்குக் கிடைக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

வாசலில் வந்து நிற்க மாட்டேன். போன வருஷம் நான் நின்றால் கெட்டது. இந்த வருஷம் நான் நின்றால் நல்லது. இரண்டு வருஷமும் நான் அதே ஆள்தான் அண்ணை, அதே முகம்தான். ஒரு சாத்திரியார் மாற்றிச் சொன்னால் அடுத்த வருஷம் என்னை மறுபடியும் பின்கதவால் அனுப்புவீர்கள். கூடப்பிறந்தவள் மனம் நொந்திருக்கிறாள் என்பதை அறிய ஈஸ்ட் ஹாம் வரைக்கும் போகத் தேவையில்லை. மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறேன்.

யன்னலோரக் கட்டிலில் மழைக்கோட்டுகளைப் போடுங்கோ, நன்றாகக் காயும் என்று மச்சாள் வசந்தாவுக்கு எழுதியிருக்கிறா. கரவனை விற்க முன்னர் அலமாரிக்குள் இருக்கிற பிள்ளையாரை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கோ. அவரையும் விட்டுவிட்டுப் போய்விட வேண்டாம்.

சனிக்கிழமை விடியவும் எனக்கு வேலை. நீங்கள் வருகிற நேரம் நானும் பிலோமினம்மாவும் அந்தத் தரிப்பில்தான் நிற்போம். எதிர் வீட்டு மரம் இந்த முறையும் நன்றாகச் சிவந்திருக்கிறது. நான் ஒளியமாட்டேன், முன்னுக்கு வரவும் மாட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தால் பாருங்கோ.

ஆனால் நிற்பாட்ட வேண்டாம். கையும் காட்ட வேண்டாம். பின்னால் பஸ் வரும். அது எனக்கு நிற்கும்.

தங்கச்சி,
கமலாம்பிகை